தூண்டிலின் கதை – 11: இருபது அங்குல நூல்

வில்லியம் பார்ட்ரம் மீன் பிடிக்கப் போனவர் அல்லர். செடிகொடிகளைத் தேடிப் போனவர். பிலடெல்பியாவில் தாவரங்களோடு வளர்ந்த பிள்ளை. 1773-இல் கிளம்பி நான்கு ஆண்டுகள் அமெரிக்காவின் தென்கிழக்குக் காடுகளிலும் சதுப்புகளிலும் அலைந்து, விதையும் இலையும் சேர்த்தார். கண்ணில் பட்டதையெல்லாம் எழுதியும் வைத்தார். 1791-இல் அது புத்தகமாக வந்தது. அதில் ஒரு பக்கம் நம் தொடருக்காகவே எழுதியதுபோல் இருக்கும்.

புளோரிடாப் பக்கத்து நீர்நிலை ஒன்று. சின்னத் தோணியில் இரண்டு பேர். பின்னால் இருப்பவர் சத்தம் வராமல் துடுப்பு வலிக்கிறார். முன்னால் இருப்பவர் கையில் பத்துப் பன்னிரண்டு அடிக் கம்பு. அதன் நுனியில் கட்டியிருக்கும் நூலின் நீளம் இருபதே அங்குலம். இரண்டு அடிகூட வராது. நூல் முனையில் முதுகோடு முதுகாகச் சேர்த்துக் கட்டிய மூன்று பெரிய முட்கள். அவை வெளியே தெரியாதபடி மானின் வால்முடியும் சிவப்புத் துணிக் கிழிசலும் பல நிறச் சிறகுகளும் சுற்றி, ஏறத்தாழ ஒரு கைமுட்டி அளவுக்குக் குஞ்சம். கோரையும் அல்லி இலையும் மண்டிய ஓரங்களில் இந்தக் குஞ்சத்தை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஆட்டிக்கொண்டே போகிறார்கள். அவ்வப்போது தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் விடுகிறார்கள். இலைக்கடியில் பதுங்கியிருக்கும் மீன் எகிறிக் கவ்வுகிறது.

நூலை வீசவே இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ரீல் கிடையாது, இரையும் கிடையாது. இந்த அத்தியாயம் முழுவதும் அந்த இருபது அங்குலத்தைச் சுற்றித்தான்.

மீன் எது என்று சொல்லிவிடுகிறேன். லார்ஜ்மவுத் பாஸ். பெயரைப் பார்த்து நம் கொடுவாவின் பங்காளி என்று எண்ண வேண்டாம். அது வேறு குடும்பம். வட அமெரிக்க நன்னீரில் மட்டுமே இருந்த சன்ஃபிஷ் குடும்பத்தைச் சேர்ந்தது இது. குணத்தில் வேண்டுமானால் விராலைச் சொல்லலாம். செடிமறைவில் அசையாமல் நிற்கும். அருகில் வந்ததைப் பாய்ந்து விழுங்கும். முட்டையையும் குஞ்சையும் ஆண் மீன் காவல் காக்கும். துரத்தி ஓடி வேட்டையாடுகிற பழக்கம் அதற்குக் குறைவு. எனவே அதன் வாசலுக்கே போய் இரையை வைக்க வேண்டும். பார்ட்ரம் பார்த்த தோணிக்காரர்களுக்கு இது தெரிந்திருந்தது. அடுத்த இரு நூற்றாண்டுக்கு அமெரிக்கர்கள் இதற்கு நேர்மாறான வழியில் போனார்கள். மீனிடமிருந்து எவ்வளவு தள்ளி நிற்க முடியும் என்பதே எல்லோருடைய கேள்வியாக இருந்தது.

தள்ளி நின்று வீச நூலைச் சுற்றி வைக்க ஒரு கருவி வேண்டும். அதைச் செய்தவர்கள் கடிகாரக்காரர்கள். கென்டக்கி மாநிலத்தில் பாரிஸ் என்று ஒரு சிற்றூர். அங்கே கடிகாரமும் வெள்ளிச் சாமான்களும் செய்த ஜார்ஜ் ஸ்னைடர் 1810-க்கும் 1820-க்கும் இடையில் ஒரு ரீல் செய்தார். அதற்கு முன் இருந்த ரீல்களில் பெரும்பாலானவை வெறும் உருளைகள்: கைப்பிடி ஒரு சுற்று சுற்றினால் நூலும் ஒரு சுற்று. ஸ்னைடர் பல்சக்கரங்களைக் கோத்தார். கைப்பிடியை ஒருமுறை சுற்றினால் உருளை பலமுறை சுற்றும். அவருக்குப் பின் ஃபிராங்க்ஃபர்ட்டில் மீக் சகோதரர்கள், அவர்களிடம் தொழில் பழகிய பெஞ்சமின் மிலம் என்று ஒரு பரம்பரையே உருவானது. எல்லாம் கையால் அறுத்த பல்சக்கரங்கள். இன்றும் சேகரிப்பாளர்கள் ஒரு பழைய மீக் ரீலுக்காகச் சொத்தை எழுதிவைக்கத் தயார்.

கென்டக்கி ரீலின் அருமை நூலைச் சுற்றி இழுப்பதைவிட அதை விடுவதில்தான் இருந்தது. உருளை உராய்வின்றிச் சுழன்றதால் ஒரு சின்ன மீன்குஞ்சை முள்ளில் கோத்து வீசினாலே அதன் எடையில் நூல் ஓடியது. ஆனால் உருளைக்குத் தானாக நிற்கத் தெரியாது. இரை தண்ணீரில் விழுந்த பிறகும் அது சுழலும். நூல் பொங்கிச் சிக்கு விழும். அதை அடக்க இருந்த ஒரே தடை மீன்பிடிப்பவரின் கட்டைவிரல். வீசும்போது விரல் உருளைமேல் பட்டும் படாமலும் இருக்க வேண்டும். இரை நீரைத் தொடும் நொடியில் அழுத்த வேண்டும். நூலைத் திரும்பச் சுற்றும்போது அது ஒரே இடத்தில் குவியாமல் இடவலமாகப் பரப்பும் வேலையும் விரலுக்கே. ஆண்டுக்கணக்கில் பழகிய கை வேண்டியிருந்தது. பழைய முறை என்று இன்று ஏக்கத்தோடு பேசுகிறவர்கள் இந்தச் சிக்கு எடுக்கும் வேலையை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

அதன்பின் வந்த ரீல்களின் வரலாறு, அந்தக் கட்டைவிரலின் வேலையை ஒவ்வொன்றாகப் பிடுங்கிய வரலாறு. 1890-களில் மிச்சிகன் மாநிலம் காலமசூவில் வில்லியம் ஷேக்ஸ்பியர் என்பவர் (நாடகக்காரரின் பெயர்தான், உறவில்லை) நூலைத் தானே சமமாகப் பரப்பும் ரீலுக்குக் காப்புரிமை வாங்கினார். ஸ்வீடனின் ஸ்வங்ஸ்டாவில் ஆபூ என்ற நிறுவனம் டாக்சி மீட்டர் செய்துகொண்டிருந்தது. இரண்டாம் உலகப் போர் வந்தது, பெட்ரோல் போனது, டாக்சியும் போனது. பல்சக்கரம் செய்யத் தெரிந்த கைகளை வைத்துக்கொண்டு அவர்கள் ரீல் செய்யத் தொடங்கினார்கள். 1950-களின் தொடக்கத்தில் வந்த அம்பாசடர் 5000, மையவிலக்கு விசையில் இயங்கும் தடையோடு வந்து அமெரிக்கச் சந்தையை மயக்கிற்று. அதே காலத்தில் டெக்சாஸில் கடிகாரம் பழுதுபார்த்த ஆர்.டி. ஹல், மூடிய ரீல் ஒன்றை யோசித்தார். உருளை சுழலாது, நூல் மட்டும் முனை வழியாக வழுக்கி வெளியேறும். காப்பி டப்பா மூடியில் செய்த மாதிரியைத் தூக்கிக்கொண்டு அவர் போய் நின்ற இடம், எண்ணெய்க் கிணறுகளுக்கு நேரவெடிகுண்டு செய்யும் துல்சா நகர ஆலை. ஸீரோ அவர் பாம் கம்பெனி. 1949-இல் ரீல் வந்தது. பிறகு வெடிகுண்டை விட்டுவிட்டுப் பெயரையும் ஸெப்கோ என்று சுருக்கிக்கொண்டார்கள். பித்தானை அழுத்தி வீசினால் போதும் என்பதால் குழந்தையும் மீன் பிடிக்கலாம் என்றாயிற்று. ஸ்னைடர் முதல் ஹல் வரை பலரும் பல்சக்கரத்தோடு பிழைத்தவர்கள் என்பது தற்செயலாக எனக்குப் படவில்லை. இன்று ஷிமானோ ரீல் ஒன்றில் சிலிக்கான் சில்லு உட்கார்ந்து, உருளையின் வேகத்தை விநாடிக்கு ஆயிரம் முறை அளந்து தடை போடுவதாகச் சொல்கிறார்கள். கட்டைவிரலுக்கு அநேகமாக ஓய்வு.

நூலும் மாறியது. இரண்டாம் உலகப் போருக்கு முன்புவரை முறுக்கிய அல்லது பின்னிய பட்டு நூலே உயர்ந்தது. ஈரத்தில் இற்றுப்போகும் என்பதால் மாலையில் கரை திரும்பியதும் ரீலிலிருந்து முழு நூலையும் உருவிக் காயப்போட வேண்டும். மறந்தால் அடுத்த வாரம் பெரிய மீன் வரும்போது அறும். 1930-களின் இறுதியில் டூபான்ட் நிறுவனம் நைலானை அறிமுகப்படுத்தி, அதிலிருந்து ஒற்றை இழை நரம்பு வந்தது. முதலில் விறைத்த கம்பிபோல் சுருண்டுகொண்டு எரிச்சலூட்டியது. 1950-களின் இறுதிக்குள் மெலிந்து, மென்மையாகி, பட்டைக் கடையிலிருந்தே விரட்டிவிட்டது. இன்று நம் ஊர்க் குளக்கரையில் பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் தங்கூசி அதன் வாரிசு. பின்னாளில் தண்ணீரில் எளிதில் கண்ணுக்குத் தெரியாத ஃப்ளூரோகார்பன், மெல்லியதாக இருந்தும் அறாத பின்னல் நூல் என்று வரிசையாக வந்தன. கம்பும் மூங்கிலிலிருந்து எஃகுக்கும், 1940-களில் கண்ணாடியிழைக்கும், 1973-இல் ஃபென்விக் நிறுவனம் கொண்டுவந்த கிராஃபைட்டுக்கும் போயிற்று.

ஆனால் கம்பின் நீளத்தைக் கவனித்தால்தான் கதை விளங்கும். பார்ட்ரம் பார்த்தது பத்துப் பன்னிரண்டு அடி. 1881-இல் கருப்பு பாஸ் பற்றிப் பெரிய நூல் எழுதி, அதுவரை டிரவுட்டை மட்டும் மதித்த கனவான்களை இந்த மீன் பக்கம் திருப்பிய மருத்துவர் ஜேம்ஸ் ஹென்ஷால் பரிந்துரைத்தது எட்டேகால் அடி. ரீல்கள் நன்றாக ஓட ஓட, தலைக்கு மேலே வீசும் பழக்கம் பரவி, அது ஐந்து, ஆறு அடியாகக் குறைந்தது. தூரம் எறிவதைக் கம்பின் நீளம் பார்த்துக்கொள்ள வேண்டியதில்லை, ரீலே பார்த்துக்கொண்டது.

இந்த முன்னேற்றத்தால் மீன் பெரிதாயிற்றா? அதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. 1932 ஜூன் 2. பொருளாதாரப் பெருமந்தம். ஜார்ஜியாவில் ஆக்மல்கி ஆற்றின் பழைய வளைவான மான்ட்கோமரி ஏரியில் ஜார்ஜ் பெர்ரி என்ற இருபது வயது விவசாயி, சொந்தமாகப் பலகை அடித்துச் செய்த தோணியில் நண்பனோடு போனான். பட்டு நூல், மலிவான ராடு. இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு லூர் (போலி இரை) என்று சொல்வார்கள். இந்தியானாவின் க்ரீக் சப் நிறுவனம் செய்த மர மீன். மாட்டிய பாஸின் எடை 22 பவுண்டு 4 அவுன்ஸ், பத்துக் கிலோவுக்குச் சற்று மேல். ஒரு பத்திரிகைப் போட்டிக்கு எழுதிப்போட்டு 75 டாலர் மதிப்புள்ள சாமான்கள் பரிசாகப் பெற்றான். மீனைக் குடும்பம் சமைத்துச் சாப்பிட்டது. உலக சாதனை என்பது அன்று யாருக்கும் உறைக்கவில்லை; பசி உறைத்தது.

அந்த எடையைத் தொட எழுபத்தேழு ஆண்டு ஆயிற்று. தொட்ட இடமும் அமெரிக்கா அல்ல. பாஸ் 1925-இல் கலிஃபோர்னியாவிலிருந்து ஜப்பானுக்குப் போனது; அங்கே அந்த இனத்து மீன் ஒன்று 2009 ஜூலை 2-ஆம் தேதி பீவா ஏரியில் மனாபு குரிட்டாவிடம் சிக்கியது. 22 பவுண்டு 4.97 அவுன்ஸ். பழைய சாதனையை முறியடிக்கக் குறைந்தது இரண்டு அவுன்ஸ் கூட வேண்டும் என்பது சர்வதேச மீன்பிடி விளையாட்டுச் சங்கத்தின் விதி. எனவே சமன் என்று அறிவித்தார்கள். குரிட்டாவின் ராடும் ரீலும் பெர்ரி கனவிலும் காணாதவை. முள்ளில் இருந்ததோ உயிருள்ள புளூகில் மீன். அதுவும் அமெரிக்க மீன்தான்: 1960-இல் பட்டத்து இளவரசராக இருந்த அகிஹிட்டோவுக்கு சிகாகோவில் அன்பளிப்பாகக் கிடைத்து ஜப்பான் போனது. அது நாட்டின் நீர்நிலைகளைப் பாழாக்கியதைக் கண்டு 2007-இல் பேரரசராக அவர் வருத்தம் தெரிவித்தார்.

சாதனைகளைவிடப் பெரிய திருப்பம் அணைகளால் வந்தது. 1933-இல் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் உருவாகி, 1936-இல் நோரிஸ் அணையும் பிறகு வரிசையாக மற்ற அணைகளும் எழுந்தன. மூழ்கிய காடுகள், பழைய சாலைகள், ஆற்றுப்படுகைகள் எல்லாம் இருபது, முப்பது அடி ஆழத்துக்குப் போயின. பாஸ் பெருகியது, ஆனால் ஆண்டின் பாதி நாள் கரையோரம் காணோம். படகிலிருந்து கரையை நோக்கியே வீசிப் பழகியவர்கள் திகைத்தார்கள். வட கரோலினாவின் ஹிக்கரி ஊர்க்காரரான பக் பெர்ரி 1940-களில் பித்தளைத் தகட்டை வளைத்து ஸ்பூன்பிளக் என்று ஒன்று செய்தார். படகு வேகமாகப் போகப்போக அது அடியில் தட்டித்தட்டி வரும். தட்டும் அதிர்வை வைத்து அடிமட்டத்தின் மேடு பள்ளத்தை மனத்தில் வரைந்துகொள்வார். ஏரியின் பெரும்பகுதி மீனில்லாத வெறும் தண்ணீர், மேட்டின் விளிம்பிலும் பள்ளத்தின் ஓரத்திலும்தான் மீன் நிற்கும் என்று அவர் சொன்னபோது பலர் நம்பவில்லை. பாஸ் பிடிப்பின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் இவர். கருவியைவிட அறிவை விற்க முயன்றவர்.

அதே அறிவை 1950-களின் இறுதியில் கார்ல் லோரன்ஸும் மகன்களும் பெட்டிக்குள் அடைத்தார்கள். முக்குளித்து மீன்கள் கூடும் இடங்களைப் பார்த்த அவர்கள் செய்த சிறிய பச்சைப் பெட்டி, ஒலியை அடிக்கு அனுப்பி எதிரொலியை ஒளிக்கீற்றாகக் காட்டிற்று. ஆழம் தெரிந்தது. ஆழத்துக்கு என்ன இறக்குவது என்ற கேள்விக்கு ஓஹையோவின் ஆக்ரனில் எந்திரப்பட்டறைத் தொழிலாளியான நிக் க்ரீம் விடை வைத்திருந்தார். 1949-இல் அவரும் மனைவியும் வீட்டில் பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் ஊற்றிச் செய்த புழு, கையில் எடுத்தால் மண்புழுவேதான். முள்ளின் முனையைப் புழுவின் உடலுக்குள்ளேயே மறைத்து, தோட்டா வடிவ ஈயத்தோடு இறக்கும் முறையை டெக்சாஸ் பக்கம் கண்டார்கள். செத்தைக்குள் போனாலும் மாட்டாது. நம் ஊரில் விராலுக்கு உயிர்த்தவளையைக் கோத்த கைகள் இன்று உள்ளீடற்ற ரப்பர் தவளையை வீசுகின்றனவே, அந்தத் தவளை பாஸுக்காகப் பிறந்தது. ஆகாயத்தாமரைமேல் தாவிச் செல்லும்படி அமைந்தது.

1967-இல் இன்ஷூரன்ஸ் முகவரான ரே ஸ்காட், ஆர்கன்சாவின் பீவர் ஏரியில் 106 பேரைத் திரட்டி ஆளுக்கு 100 டாலர் நுழைவுக் கட்டணத்தில் போட்டி நடத்தினார். மறு ஆண்டு பாஸ் என்ற சங்கத்தைத் தொடங்கினார். பிடித்ததையெல்லாம் கொன்று கயிற்றில் கோத்துப் படம் எடுக்கும் வழக்கத்தை 1972-இலிருந்து அவரே மாற்றினார்: படகிலேயே காற்றூட்டும் தொட்டி, எடை போட்டபின் திரும்ப நீரில் விடுதல். போட்டி வந்ததும் கருவிகள் பந்தயக் குதிரை வேகத்தில் மாறின. பெரிய இன்ஜின், பெரிய படகு, நீளமான வீச்சு.

அப்போதுதான் கலிஃபோர்னியாவிலிருந்து டீ தாமஸ் வந்தார். அவர் ஊரில் கோரைப் புதர்களுக்குள் நீளக் கம்பால் இரையை இறக்கும் ஒரு பழைய முறை இருந்தது. தெற்கிலும் இரவில் நீளக் கழியும் குட்டை நூலுமாகக் கரையைத் தடவிப்போகும் ஏழைகள் இருந்தார்கள். தாமஸ் மேற்குக் கரைப் போட்டிகளில் பன்னிரண்டு அடிக் கம்போடு வந்து ஜெயித்தார். மற்றவர்கள் முறையிட்டார்கள். கம்பு எட்டு அடிக்கு மேல் கூடாது என்று விதி வந்தது. சரி என்று ஏழரை அடி ராடு எடுத்து, ரீலில் தேவையான நூலை மட்டும் உருவி இடக்கையில் பிடித்துக்கொண்டு, ஊசல்போல் ஆட்டி, கிளைச் சந்துக்குள் சத்தமில்லாமல் இறக்கினார். உருளை சுழலவே இல்லை. 1975-இல் ஆர்கன்சாவின் புல் ஷோல்ஸ் ஏரியில், எல்லாரும் எவ்வளவு தூரம் வீசலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, பத்துப் பதினைந்து அடி எட்டத்தில் நின்று பரிசை வாங்கிக்கொண்டு போனார். ஃபிளிப்பிங் என்று அதற்குப் பெயர் வைத்து, புதுக் கண்டுபிடிப்பாகப் பத்திரிகைகள் கொண்டாடின. ஃபென்விக் அதற்கென்றே ராடு செய்து விற்றது. பார்ட்ரம் தோணியில் பார்த்ததிலிருந்து ஏறத்தாழ இருநூறு ஆண்டு! இடைப்பட்ட காலத்தில் செதுக்கிய பல்சக்கரங்கள் எல்லாம் வீணா என்றால் இல்லை. சிக்கிய மீனைப் புதரிலிருந்து பிடுங்கித் தூக்க வலுவான ரீலும் அறாத நரம்பும் வேண்டும். அவை பார்ட்ரம் காலத்தில் இல்லை. ஆனால் மீனுக்குக் கிட்டே போக வேண்டும் என்ற மூல அறிவு, ஏழைகளின் கழியில் இருந்ததாலேயே இவ்வளவு காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது என்று நினைக்கிறேன். இன்றும் பாஸ் ராடுகள் பெரும்பாலும் ஏழு அடியை ஒட்டித்தான். பழைய ஐந்தரை அடி ராடு அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது.

தாமஸுக்குப் பின் ஊசல் மறுபடி தூரத்துக்குப் போயிருக்கிறது. கார்மின் நிறுவனம் 2018-இல் வெளியிட்ட லைவ்ஸ்கோப் போன்ற முன்னோக்குச் சோனார்கள், படகுக்கு நூறு அடி முன்னால் நீருக்குள் நடப்பதை நடக்கும்போதே திரையில் காட்டுகின்றன. மீன் தெரிகிறது, அதை நோக்கி இறங்கும் சொந்த லூரும் தெரிகிறது, மீன் திரும்பிப் பார்த்துவிட்டு ஒதுங்குவதுகூடத் தெரிகிறது. புதருமில்லாத, கரையுமில்லாத நட்ட நடு ஏரியில் தனியாக மிதக்கும் மீனைக் குறிவைக்க முடிகிறது. 2024 பிப்ரவரியில் டெக்சாஸின் ஃபோர்க் ஏரியில் ஸ்காட் தொடங்கிய பாஸ் சங்கம் நடத்திய எலீட் போட்டியை ட்ரே மெக்கின்னி வென்றபோது வயது பத்தொன்பது. அந்த வரிசைப் போட்டிகளில் வென்றவர்களுள் இளையவர். நாற்பது ஆண்டுகள் ஏரிகளை மனப்பாடம் செய்த மூத்தவர்கள், திரையோடு வளர்ந்த பிள்ளைகளிடம் தோற்றார்கள்.

முறையீடுகள் எழுந்தன. பன்னிரண்டு அடிக் கம்புக்கு எழுந்த அதே குரல்கள், அதே வாதங்கள். 2025 பருவத்தில் எலீட் போட்டிகளில் படகுக்கு ஒரே ஒரு நேரடிச் சோனார், திரைகளின் மொத்த அளவு 55 அங்குலத்துக்குள் என்று வரம்பு வந்தது. அதே பருவத்துக்கு மேஜர் லீக் ஃபிஷிங் என்ற மற்றொரு போட்டி அமைப்பு இன்னும் ஒரு படி போய், ஒரு நாள் ஆட்டத்தின் மூன்று பகுதிகளில் ஒன்றில் மட்டும் முன்னோக்குச் சோனாரைப் பயன்படுத்தலாம் என்றது. எந்தப் பகுதி என்பதை வீரரே தேர்ந்துகொண்டார். எப்போது திரையைப் பார்ப்பது, எப்போது அணைப்பது என்பதே அந்தப் பருவத்தில் போட்டியின் பெரிய கணக்காக இருந்தது.

(தொடரும்)